தேத்தண்ணி வடியில் விழுந்த ஆறுதல்

இந்தச் சாட்சியைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம், சலம் போகாத, அதாவது சிறுநீர் இறங்காத விஷயம். வாசிக்கிற சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிறவன். போன காலபோகத்தில், வயல்களில் விதைப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், என் இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி தொடங்கியது. வாயு என்று நினைத்து இரண்டு நாள் உள்ளியும் இஞ்சியும் தின்றேன். மூன்றாம் நாள் முற்றத்தில் கிடந்து உருண்டேன். மனைவி றெஜினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர் அம்மா, சிறுநீரகத்திலிருந்து ஒரு சின்னக் கல் இறங்கி வருகிறது என்றார். மருந்தும் தண்ணீரும் குடிக்க வேண்டும், சலம் போகும்போது தேத்தண்ணி வடிகட்டுகிற வடி ஒன்றைப் பிடித்து, கல் விழுந்தால் கொண்டுவர வேண்டும். எப்போது விழும் என்று கேட்டேன்.

"அது ஆறுதலா வரும்" என்றார்.

என் சோதனை அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. எங்கள் பக்கம் ஆறுதல் என்றால் வலி தணிவது, மனம் தேறுவது. செத்த வீட்டுக்குப் போவதும் ஆறுதல் சொல்லத்தான். ஆனால் 'ஆறுதலா' என்று சொன்னால் அவசரமில்லாமல் என்று அர்த்தம். ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலா வாங்கோ. எனக்கு வேண்டியது முதலாவது. கிடைத்ததெல்லாம் இரண்டாவது. பார்க்க வந்த சபையார் தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, ஆறுதலாச் சுகம் வரும் என்று சொல்லிப் போனார்கள். எட்டாம் நாள் அந்தச் சொல்லோடு யார் வந்தாலும் கடித்துவிடலாம் போலிருந்தது.

ஜெபமும் செய்தேன். நான் நீளமாக ஜெபிப்பதில் பெயரெடுத்தவன். படைப்பில் தொடங்கி, உலக நாடுகளுக்காக மன்றாடி, மழைக்கு நன்றி சொல்லி, என் கல்லுக்கு வந்து சேருமுன் வலி என்னைச் சுருட்டிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை சலம் முழுதாக நின்றுவிட்டது. பத்து மணிக்கு வயிறு மேளம் மாதிரி இறுகிவிட்டது. என் தகப்பனார் சிறுநீரகம் பழுதாகிப் போனவர். எனக்கும் முடிவு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

றெஜினா ஓட்டோவை எடுத்தாள். அவள் ஓடப் பழகி மூன்று மாதம்தான். நான் பின்னால், கையில் தேத்தண்ணி வடியோடு. எங்கள் வாய்க்கால் வீதியில் உள்ள பள்ளங்களை ஒவ்வொன்றாக விலத்தப் பார்த்து, ஒன்று தவறாமல் எல்லாவற்றிலும் விட்டாள். பெரிய வீதிக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி குறுக்கே நின்றது. ஹோர்ன் அடி என்று கத்தினேன்.

"மாடு வெருண்டா இன்னும் சுணங்கும். ஆறுதலாப் போகட்டுமப்பா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழுதுகொண்டே ஓடியிருக்கிறாள்.

அப்போதுதான் என் வாழ்நாளிலேயே மிகக் குட்டையான ஜெபம் வந்தது. "ஆண்டவரே, சலம் போகவேணும்." ஆமென் சொல்லக்கூட மறந்துபோனேன்.

உள்ளே எதுவோ அசைந்தது. இறங்கிப் பற்றைக்குப் பின்னால் ஓடினேன். மாடு சாய்த்து வந்த பெரியவர் நிலைமையை விளங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். வடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் குறுணல் அரிசியளவு. இதற்கா இவ்வளவு கத்தினேன் என்று அவமானமாகப் போய்விட்டது. அதன்பின் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மாடுகள் எல்லாம் கடந்து போய்விட்டன.

திரும்பி வந்து வடியை நீட்டினேன்.

"இப்ப ஆறுதலோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். நடுவீதியில் இருவரும் அழுதோம், பிறகு சிரித்தோம். கல் விஷயம் தெரியாமலே, மாடுகளுக்குப் பின்னால் போகத் தொடங்கிய பெரியவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். சிறுநீரகத்துக்குப் பழுதில்லை என்று டொக்டர் அம்மா உறுதிப்படுத்தினார். அந்த வடியை றெஜினா மறுபடி குசினிக்குள் விடவில்லை. கல்லை விழுத்தியது மருந்தும் தண்ணீரும் பள்ளங்களும்தான் என்று என் அண்ணன் சொல்கிறான். இருக்கட்டும். அவை எல்லாவற்றையும் அந்தக் காலையில் ஒன்றாகச் சேர்த்தவருக்கே என் நன்றி.

இப்போது நோயாளிகளைப் பார்க்கப் போனால் உடனே எழும்பி வருவதில்லை. எங்கே நோகிறது என்று கேட்டுப் பக்கத்தில் இருக்கிறேன். ஜெபத்தையும் சுருக்கிவிட்டேன். அதற்காகவே சபையில் சிலர் தனியாக ஸ்தோத்திரம் சொல்வதாக அறிகிறேன்.

அன்பானவர்களே, நாலுபேர் முன்னால் சொல்ல முடியாத ஒரு உபாதை உங்களுக்கும் இருக்கும். அதற்கு அழகான வார்த்தை தேடி நாளைக் கடத்தாதேயுங்கள். உள்ளதை உள்ளபடி கேளுங்கள். கூச்சமெல்லாம் கேட்கிற எங்களுக்குத்தான். செவிகொடுக்கிறவருக்கு இல்லை.