தவளைத் தண்ணி

வன்பென் அக்கா எந்த மருந்தையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார். மேகோங் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில், பெரியவர்களின் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கேற்ற திரவமாக மாற்றுவது அவர் வேலை. கசப்பில் முகம் கோணும். உடனே ஓர் உருண்டை ஒட்டரிசிச் சோற்றை வாயில் போட்டுக்கொள்வார்.

கைமுக் என்ற குழந்தை சாப்பிட்டதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தாள். வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்தைச் சோடா உப்புக் கரைசலில் கலந்து கொடுத்தனுப்பினார் அக்கா. சில நாளிலேயே குழந்தையின் தாய் ரம்ஃபாய் பாட்டிலோடு திரும்பி வந்தாள். மருந்து பழுப்பாகியிருந்தது.

“இதுல என்னம்மா கலந்தே?”

“துப்பிக்கிட்டே இருந்தா அக்கா. கமலாப்பழச் சாறு ஊத்தினேன். நுரைச்சுப் பொங்கிடுச்சு.”

“பயமா இல்லையா?”

“இருந்துச்சு. ஆனா சோடான்னு நெனச்சு குடிச்சிட்டா. கக்குறது மட்டும் நிக்கல.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “புளிப்பு பட்டா இந்த மருந்து கெட்டுப்போயிடும். நான்தான் சொல்லியிருக்கணும். குளிர்லதான் வைக்கணும், பிரிட்ஜ் இருக்கா?”

“மாமியார் வீட்டுல இருக்கு.”

“அப்போ தினமும் அவங்க முகத்துல முழிச்சுத்தான் ஆகணும்.”

புது பாட்டில் கொடுத்தனுப்பிவிட்டு, புளிப்பில்லாத சுவை தேடுவதில் இறங்கினார். வாழைப்பழம், தேங்காய் என்று எங்கள் எல்லோர் வாயிலும் ஊற்றினார். கடைசியில் மணமுள்ள பாண்டான் இலையின் பச்சைப் பாகு தேறியது. ஆனால் குழந்தைக்கு உடனே கொடுக்கவில்லை. அந்தப் பாகில் கலந்த மருந்தில் சில பாட்டில்களைக் குளிரிலும் சிலவற்றை அலமாரியிலும் வைத்து, அவ்வப்போது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மழைக்காலம் அதிலேயே போனது. அலமாரியில் இருந்தது சீக்கிரமே வீரியம் இழந்தது; குளிரில் இருந்தது கெடாமல் நின்றது. முடிவு வந்த அன்று எல்லோருக்கும் பப்பாளிக்காய் சாலட் வாங்கித் தந்தார்.

கைமுக் புது மருந்தின் முதல் வாயை அக்காவின் சட்டையிலேயே துப்பினாள். “தவளைத் தண்ணி!”

அக்கா வாடிப்போனார். கைமுக்கின் அப்பா படகோட்டி, அதிகம் பேசாதவர். ஊசியில்லாத சிரிஞ்சை வாங்கி மகளிடம் குனிந்தார். “தவளைத் தண்ணி குடிச்சாத்தான் தவளை மாதிரி குதிக்கலாம்.”

கைமுக் யோசித்துவிட்டு வாயைத் திறந்தாள். விழுங்கியதும் கூடத்தின் கோடிவரை குதித்துக்கொண்டே போனாள்.

குளிர்காலத்துக்குள் கக்கல் அடங்கி, கன்னம் உப்பியது. இப்போது மற்ற தாய்மாரும் தவளைத் தண்ணி என்றே கேட்கிறார்கள்.

“இத்தன கஷ்டப்பட்டு பாண்டான் வாசனை கொண்டாந்தேன்,” என்று அலுத்துக்கொண்டே அக்கா பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்.