நம்பர் போட்ட இலுப்பைக் காடு

நான் சக்கரபாணி. மூணாங்கிளாஸோட ஸ்கூலை விட்டு, மண் சுமந்து, இன்னைக்கு விருத்தாசலத்துல சொந்தமா பீங்கான் சூளை வெச்சிருக்கேன். எங்க ஊர் இலுப்பைக் காட்டை மரமே இல்லாத தரிசுன்னு எழுதி பிளாட் போடப் பார்த்தாங்க. மரத்தை எண்ணிக் காட்ட ஒரே வாரத்துல அறுநூறு பீங்கான் வில்லை சுட்டேன்; வேற எவனால முடியும்? என் சூளையில பொம்மைக்குக் கண் வரையுற ரஹ்மத் பீவி நம்பர் எழுதினாங்க. ஊரே சேர்ந்து மரத்துக்கு ஒண்ணு கட்டுச்சு.

தரிசுன்னு எழுதின அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட அதிகாரி வந்தாரு. போட்டுட்டா ஜேசிபி உள்ளே பூந்துரும். காட்டோரமா உறுமிக்கிட்டே நின்னுச்சு.

"தள்ளுங்க பெரியவரே, இது தரிசு."

"எண்ணிப் பார்த்துட்டுப் போடுங்க சார்," ன்னேன்.

"நம்பர் தெரியலைன்னா என் கண்ணாடியைத் தரேன்," ன்னாங்க பீவி.

ஊரே அவரு பின்னால நடந்துச்சு. முன்னூறாவது மரத்துல நின்னு, 'தரிசு'ங்கிறதை அடிச்சுட்டு 'மரக்காடு'ன்னு எழுதினாரு. அதை ரெண்டு தடவை சத்தமா படிக்க வெச்சுட்டுத்தான் வழி விட்டேன்.