பாதம் பணியாத மனு

தொண்ணூறுகளில் வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்கு எதிரே புங்கமரத்தடியில் தட்டச்சுப் பொறி வைத்து மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அந்த அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ரப்பர் பேண்ட் போட்ட வேதாகமம். கணவரைப் புதைக்கப் போனபோது, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியைப் பக்கத்து நிலக்காரன் வேலி போட்டு அடைத்திருக்கிறான். பெட்டியை ஏரிச் சேற்றில் இறங்கித் தூக்கிப் போயிருக்கிறார்கள். வழியைத் திறந்துவிடக் கேட்டு மனு.

கேட்கும்போதே எனக்கு ரத்தம் கொதித்தது. ஆத்திரத்தோடு அடித்து முடித்தேன்.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்று கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரியில் கண்ணைத் திறந்தார்.

"'தங்கள் பாதம் பணிந்து'ன்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க."

எடுப்பதென்றால் முழுத் தாளையும் மறுபடி அடிக்க வேண்டும். பின்னால் கூட்டம் நின்றது. "எல்லாருக்கும் இப்படித்தாம்மா அடிக்கிறேன். வேலை ஆவணுமா வேணாமா?" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"காலைலயே கர்த்தர் பாதத்துல விழுந்து அழுதுட்டேன் சார். போய்க் கேளுன்னு தைரியம் குடுத்து அனுப்பிட்டாரு. இங்க நின்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

ஒவ்வொரு எழுத்தையும் ஓங்கிக் குத்தி மறுபடி அடித்தேன். அமைதியாக வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. வழி திறந்ததா, தெரியாது.

அடுத்த ஆளுக்கு அடிக்கும்போது, அந்த வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதுவரை எத்தனை பேரை, ஒரு வார்த்தை கேட்காமல், காலில் விழ வைத்திருக்கிறேன்! வேலி போட்டவன் மேல் வந்த கோபம் அன்றே ஆறிவிட்டது. என் மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.