அட்டையில் ஐம்பத்தெட்டு

காளியாயி பிறந்த வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசற்படியில் வெட்டியிருக்கிறது. 1958-இல் கோபுரம் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் நடந்த மறுநாள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் அவள். "எனக்கும் கோபுரத்துக்கும் ஒரே வயசுங்க மாஸ்டர். அதுக்கு மட்டும் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறாங்க" என்பாள். ஆனால் அவளுடைய அடையாள அட்டையில் இருந்த வருஷம் 1963. அதை அப்படி எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் படிப்பித்தேன். வீரய்யா மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். சிங்களமும் எழுதத் தெரிந்தவன் என்பதால் தோட்டத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் வீட்டு மேசைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

2004-இல் அடையாள அட்டை எடுத்துக் கொடுக்க அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, வயதை அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். காளியாயியின் புருஷன் மூக்கன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்து செத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் சுதர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது.

"அஞ்சு வயசக் கொறச்சுப் போடுங்க மாஸ்டர்" என்றாள். "அறுவதானா பேர வெட்டிருவாங்க. பேர் இல்லாதவளுக்குக் காம்பரா எதுக்குன்னு கேப்பாங்க. இந்தப் புள்ளைய நான் கரை சேக்கணும்ல."

வேலைப் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் லயத்தில் அந்த ஒற்றை அறை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு வயது இப்படித்தான் குறைந்தது. நானும் பெரிதாக யோசிக்காமல் 1963 என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் என் வீட்டு வாசலில் அவள் பாத்தியில் காய்த்த ஒரு பை பீன்ஸ் இருந்தது.

அட்டையில் குறைத்த வருஷங்களை அவள் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, உழைத்தே கழித்தாள். மகள் படித்துப் பாலர் பாடசாலையில் டீச்சரானாள். அறுபது தாண்டியும் காளியாயி விடிந்ததும் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள், கூடையோடு மலை ஏறினாள். பனிக் காலத்தில் இழுப்பு வந்து பாதி ஏற்றத்தில் நின்றுவிடுவாள். யாராவது கேட்டால், மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பாள்.

2021-இல் கொரோனா லயத்துக்கு லயம் பரவியபோது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் ஊசி என்று அறிவித்தார்கள். எங்கள் பள்ளிக்கூட மண்டபத்திலேயே போட்டார்கள். எனக்கு அறுபத்தாறு. ஊசி போட்டுக்கொண்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி, சொன்னபடி இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது காளியாயி வரிசையில் வந்தாள்.

சுகாதாரப் பரிசோதகர் அட்டையை வாங்கி முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தார். எங்கள் பழைய அட்டைகளில் பிறந்த வருஷம் அந்த இரண்டு இலக்கத்தில் இருக்கும். அறுபத்து மூன்றில் பிறந்தால் ஐம்பத்தெட்டு வயதுதான், அடுத்த வாரம் வாருங்கள் என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கு அறுவத்திமூணு ஆச்சுங்க. இழுப்பும் இருக்கு" என்றாள் காளியாயி. பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "நம்ம மாஸ்டருக்குத் தெரியும். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரிசோதகருக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு துரைராசா நின்றார். உண்மையைச் சொன்னால் அவளுடைய பேர் அந்த வாரமே வெட்டுப்படும். அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பேர் போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் அவள் கையைக் காட்டினாள். பொய்க் கையெழுத்துப் போட்ட ஆசிரியன் என்று என் பென்ஷனில் கைவைத்துவிடுவார்களோ என்று நான்தான் பயந்தேன்.

"அட்டையில உள்ளதுதான்" என்றேன்.

அவள் அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் மெதுவாக நடந்து வந்தவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"விடுங்க மாஸ்டர். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். எளவட்டம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, சந்தோசப்பட வேண்டியதுதான். அடுத்த வாரம்தானே."

அடுத்த வாரம் ஊசி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் எங்கள் லயத்தில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல். எனக்கும் வந்தது, இரண்டு நாள் உடம்பு வலித்துப் போய்விட்டது. காளியாயிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் ஏற்றும்போது தூரத்தில் நின்று பார்த்தேன். உட்கார்ந்த நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

பெட்டியை மூடியே காட்டினார்கள், அங்கிருந்தே எரிக்கவும் கொண்டுபோனார்கள். மூக்கனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் இருந்தது. தப்பு மேளம் அடிக்கவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. முன்னரே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரே நாளில் ஒரே மண்டபத்துக்குப் போன இரண்டு பேரில் நான்தான் இருக்கிறேன். இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

தனிமைப்படுத்தல் முடிந்ததும் சுதர்ஷினி என்னிடம் வந்தாள். இறப்புப் பதிவுக்கான படிவத்தை மேசையில் வைத்தாள். வேறு யாரிடம் கொண்டுபோவாள்? அவளுக்கு மண்டபத்தில் நடந்தது தெரியாது. அம்மா சொல்லியிருக்கவில்லை.

பெயரை எழுதினேன். வயது என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"அம்மாவுக்கு அறுபத்துமூணு" என்றேன். "இதிலயாவது சரியா எழுதிருவோம் பிள்ள."

"வேணாங்க மாஸ்டர்" என்றாள் சுதர்ஷினி. "அட்டையோட ஒத்துப் போகலன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அட்டையில உள்ளதயே போடுங்க."

ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். எழுத்து கோணிப்போனது. சுதர்ஷினி படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த பையை வாசலில் வைத்தாள். அம்மாவின் பாத்தியில் கடைசியாகக் காய்த்த பீன்ஸ் என்றாள்.