சுவரில் மாட்டும் ஸ்பீக்கர் வாங்கப் போனோம்

ஆறேழு வருடங்களாக எங்கள் வீட்டு ஹாலில் சத்தம் சரியில்லை என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் டிவியை மாற்றினார். புது டிவியிலும் ஆட்கள் பேசுவது குழறலாக இருக்கிறது என்று, அதன் கீழே நீளமாக ஒரு சவுண்ட்பார் வந்தது. அதுவும் போதாமல், சோபாவைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஸ்டூல் உயரத்துக்கு ஒரு சப்வூஃபர் என்று முழு செட்டே வந்து இறங்கியது. வசனம் நடு ஸ்பீக்கரில்தான் வரும் என்று எங்கோ படித்துவிட்டு அதை மட்டும் மறுபடி மாற்றினார். இவ்வளவுக்குப் பிறகும் கீழே எழுத்து ஓடாமல் அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் விமான எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அதனால் சத்தத்தைப் பற்றி அவரிடம் நான் வாதாடியதே இல்லை. கோர்படியில் ஒரு ஃப்ளாட் வாங்கி இந்த மராட்டி ஊரிலேயே தங்கிவிட்டோம். நான் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

போன வருடம் மழை ஓய்ந்த பிறகு, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

"இப்பல்லாம் சத்தம் மேலேருந்தும் வரணும். அந்த ரெண்டு ஸ்பீக்கர் இல்லாமதான் நம்ம செட்டு மொட்டையா கிடக்கு."

"சீலிங்ல ஓட்டை போடப் போறீங்களா? மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகி ஏற்கெனவே ஈரமா இருக்கு."

"அதான் சுவத்துல மாட்டுறதா பாக்குறேன். உயரத்துல மாட்டணும். முகம் சாய்வா நம்மளப் பாத்து இருக்கும்."

ஒரு வாரம் சுவரை அளந்தார். பல மாடல்களை ஒதுக்கி, ஒரு தாளில் இரண்டை எழுதி வைத்துக்கொண்டார். ஒன்று பெரியது, கனமானது. மற்றது சிறியது, பாதி எடைதான். சனிக்கிழமை காலை, "நீயும் வா. ரெண்டுல எது நல்லாருக்குன்னு நீ கேட்டுச் சொல்லு" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை எந்த ஸ்பீக்கருக்கும் அவர் என் அபிப்பிராயம் கேட்டதில்லை.

கேம்பில் ஒரு ஸ்பீக்கர் கடைக்குப் போனோம். அதன் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரை முழுக்கக் கம்பளம். கடைக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். எங்களை உட்காரவைத்துவிட்டு ஒரு காட்டு மழையைப் போட்டார். முதலில் மழை எங்களுக்கு முன்னால் மட்டும் பெய்தது. பிறகு அவர் ஏதோ பொத்தானை அழுத்தியதும், தலைக்கு மேல் இலைகளில் துளி விழ ஆரம்பித்தது. ஒரு பறவை கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. நான் என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவரும் அண்ணாந்தார்.

கடைக்காரர் இரண்டாவது ஜோடிக்கு மாற்றினார். மழை இன்னும் பொடியாக, நெருக்கமாகக் கேட்டது. எனக்கு அதுதான் பிடித்தது. அப்போது நான் கண்ணை மூடியிருந்தேன்.

"பஜாவோ பாய், போடுங்க. இன்னும் ஆரம்பிக்கலியே," என்றார் என் கணவர்.

கண்ணைத் திறந்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டினார். பறவை மறுபடி தலைக்கு மேல் போனது. என் கணவர் முழங்காலில் கை வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மழையை நிறுத்திவிட்டு ஹெலிகாப்டரைப் போட்டார். தடதடவென்று அது சுற்றியதும் இவர் முகம் மலர்ந்தது. "ஹாங், இது நல்லாருக்கு!"

கடைக்காரர் என் பக்கம் குனிந்து இந்தியில், இவரை முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று மெல்லச் சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"ரெண்டும் நல்லதுதானாம்," என்றேன்.

பெரியதையே எடுத்தார். ஆட்டோவில் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் ஏணியில் ஏறி, பென்சிலால் சுவரில் குறி போட ஆரம்பித்தார். முதுகு என் பக்கம் இருந்தது. சமையலறை வாசலில் நின்று, சாதாரணக் குரலில், "வீட்ல தீப்பிடிச்சிருச்சு," என்றேன். அவர் ரசமட்டத்தை வைத்துக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டார்.

அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடங்கள் அதனிடம் பேசிப் பதில் வராமல், இந்த மனுஷனுக்கு என் மேல் அக்கறையே இல்லை என்று முடிவுகட்டி, கடைசியில் தேவைக்கு மட்டும் பேசுவது என்று நான் பழகிப்போயிருந்தேன்.

ஏணிக்கருகே போய் அவர் காலைத் தொட்டேன். திரும்பினார்.

"எத்தன வருஷமா?"

என் உதட்டையே பார்த்தார். பிறகு ஏணிப் படியிலேயே உட்கார்ந்தார். எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று தெரிய, காதில் மாட்டிய கவசத்தை அவரே கழற்றிவிட்டுக் கேட்பாராம். யார் சொல்லியும் கேட்கவில்லையாம். முதலில் ரீங்காரம் மட்டும் இருந்தது. பிறகு மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. "செவிடுன்னு தெரிஞ்சா ஸ்டோர்ல உக்கார வெச்சிருவாங்கன்னு மறைச்சேன். அப்புறம் அதுவே பழகிருச்சு."

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. எங்கள் ஒரே மகள் ஆறு வருடங்களுக்கு முன் தன்னோடு வேலை பார்த்த மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு நாக்பூர் போனாள். அப்போதிலிருந்து இவர் அவளோடு போனில் பேசுவதில்லை. "நீயே பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவார். அவள் குழந்தை வயிற்றிலேயே போன அன்றும், அப்பாவிடம் கொடு என்று அழுதாள். இவர் போனை வாங்கிக் காதில் வைத்தார், உடனே திருப்பித் தந்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். அன்று நான் அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை.

"அவகிட்டப் பேசாததும் இதனாலதானா?"

"அவளுக்குச் சன்னக் குரல். போன்ல கீச்சுகீச்சுன்னுதான் வரும். ஒரு வார்த்தையும் புரியாது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"கோவக்கார அப்பன்னா ஒரு மரியாதை இருக்கும்," என்றார்.

அன்று அவரை அறையலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்காரக்கூட எனக்கு மனம் வரவில்லை.

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்துச் சோதித்தார். செத்துப்போன நரம்பு திரும்பாது என்றார். மெஷின் மாட்டினால் சத்தம் வரும், வார்த்தை எவ்வளவு புரியும் என்று சொல்ல முடியாது, பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். ஸ்பீக்கர்களையும் அவர் சுவரில் மாட்டி முடித்தார். படம் போட்டால், பாத்திரத்தை யாரோ போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மெஷினைக் கழற்றிவிடுவார்.

மகளிடம் நான்தான் போனில் சொன்னேன்.

"ஆறு வருஷம்மா. அப்பா என் மேல நாராஜ்னு டெய்லி நெனச்சேன். பேபி போனது கூட அந்தப் பாவம்தான்னு நெனச்சேன். நீ கூட அப்படித்தானே சொன்னே, அப்பாவுக்குக் கோவம்னு?"

ஆமாம், நானும்தான் சொன்னேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தாள். அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து பேசினாள். இந்தியும் மராட்டியும் கலந்த அவள் தமிழ் அவருக்கு உதட்டில் பிடிபடவில்லை. மறுபடி மறுபடி "என்னது?" என்றார். கடைசியில் அவள் தன் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துக் காட்டினாள். 'ஏன் என்னிடம் மட்டுமாவது சொல்லவில்லை?' என்று கேட்டிருந்தாள். அவர் எழுந்துபோய் ஒரு தாளில் பதில் எழுதிக் கொண்டுவந்தார். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள்.

"உன் குரல் கேட்கவில்லை என்று உன்னிடமே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையது" என்று எழுதியிருந்தார். நான் படித்தேன். அவள் கேட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் ரயிலேறும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

இப்போது அவர் தினமும் காலையில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அவளுக்கு ஏதாவது அனுப்புகிறார். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று. அவள் பார்த்துவிட்டாள் என்று போனிலேயே தெரிகிறது. சில நாள் ஒரு வார்த்தை பதில் வரும். பல நாள் வருவதில்லை.