டயாலிசிஸ் அறைச் சுவருக்கு ஒரு மலைப்படமும் ஒரு வரியும்

கடந்த நவம்பரில் நான் போனக்காட்டு மலைக்குப் போனதற்குக் காரணம் ஒரு வெறும் சுவர். திருவனந்தபுரம் கரமனையில் என்னோடு தங்கியிருக்கும் என் அக்கா வசந்திக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அறையில் ஆறு கட்டில்கள், எதிரே ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவர். கொஞ்ச நாளாக அக்கா மூன்று மணி நேரத்திலேயே மெஷினை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் புகைப்படம் எடுப்பவள் என்பது அங்கிருந்த பொறுப்பு நர்சுக்குத் தெரியும். இயற்கைக் காட்சியும் கீழே நல்ல வாசகமுமாகப் படங்கள் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

என்னிடம் ஏற்கெனவே சங்குமுகத்துக் கடலும் வேளிக் காயலும் இருந்தன. நம்பிக்கை, விடியல், துணிவு என்று வாசகங்கள் சேர்த்து அக்காவிடம் காட்டினேன்.

"எட்டி, நாலு மணிக்கூர் படுத்துக்கிட்டு இதையா பாக்கணும்? தைரியமா இரு, தைரியமா இருன்னு வர்றவன் போறவன் எல்லாம் சொல்லியாச்சு. இனி சுவரும் சொல்லணுமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சரி, புதிதாக வேறு படம் எடுக்கிறேன், போனக்காட்டுக்குப் போகிறேன் என்றேன். "நானும் வாறேன்" என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டரைக் கேட்டோம். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் போகலாம், நடை கூடாது, தண்ணீரோ சாயாவோ எது குடித்தாலும் அளவோடு என்றார்.

தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குச் சேர்ந்தோம். வாடகைக் கார் போக வர மூவாயிரத்து இருநூறு ரூபாய். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டார்கள். அதற்கு மேல் சாலை மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநர் திரும்பி, "சேச்சிக்குக் குழப்பம் ஒன்னும் இல்லல்லோ?" என்று அக்காவின் உடம்பை விசாரித்தபடியே வந்தார்.

மேலே மலையையே காணோம். பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். கேமரா முக்காலியை விரித்துவிட்டு எரிச்சலோடு நின்றேன். இதற்காகவா அக்காவை இந்த மேட்டுக்கு இழுத்து வந்தோம் என்று என்மேலேயே ஆத்திரம். பக்கத்துச் சாயாக்கடையிலிருந்து அதை நடத்தும் செல்வி கூப்பிட்டார். அங்குள்ள தேயிலை எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அக்கா வயதுதான் இருக்கும்.

"மஞ்ஞு போவும். மலை எங்கயும் போவாது. சாயா குடிச்சிட்டு நில்லுங்க."

அக்கா அரை கிளாஸ் வாங்கி மெதுவாகக் குடித்தாள். அது தீர்ந்து வெகுநேரம் கழித்துதான் பனிமூட்டம் கிழிந்தது. பச்சைச் சரிவு, அதற்குப் பின்னால் கருநீலமாய் மலை. பத்து நிமிடம் கிடைத்தது. எடுத்துக்கொண்டேன்.

"அவ சொன்னதையே எழுது" என்றாள் அக்கா.

"யாரு?"

"சாயாக்கடைக்காரிதான். எனக்கு இன்னைக்கு அதுதான் பிடிச்சுது, கேட்டியா."

செல்வியிடம் அனுமதி கேட்டேன். "இதுல எழுத எந்தா இருக்கு?" என்று சிரித்தார். பிறகு யோசித்து, "எழுதினா என் பேரு போடணும்" என்றார். போட்டேன்.

படத்தை மாட்டிய அன்றே சிக்கல். நர்ஸ் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "சேச்சி, இவங்களுக்குக் குடிக்கிற வெள்ளமே அளந்தில்லே கொடுக்குறோம்! சாயா குடிக்கச் சொல்லி எழுதி வச்சா டாக்டர் என்னைத் திட்டும்." கழற்றக் கை நீட்டினார்.

கடைசிக் கட்டிலில் களியக்காவிளைக்காரர் தங்கராஜ் அண்ணன். லாரி ஓட்டியவர். யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிஸ்டரே, அது அங்கேயே இருக்கட்டும். குடிக்கத்தான் விடமாட்டீங்க, வாசிக்கவாவது விடுங்க." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். படம் தங்கியது.

படத்தைப் பார்த்து அக்கா மனம் மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அடுத்த வாரமும் மெஷினை நிறுத்தச் சொன்னாள். ஆனால் அந்த அறையில் பேச்சு தொடங்கியிருந்தது. அந்த மலைக்கு எப்படிப் போவது, எந்தப் பஸ், என்ன சாப்பிடலாம் என்று தங்கராஜ் அண்ணன் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது பெரும்பாலும் முழு நேரம் படுக்கிறாள்.

இப்படிப் படமும் வரியும் செய்ய நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். வாசிக்கப்போகிறவர் இருக்கும் இடத்தில் நீங்கள் இருந்து பாருங்கள். நான் கட்டிலில் படுத்துப் பார்த்தபோது கண்ணாடிச் சட்டத்தில் ட்யூப்லைட் மட்டும்தான் தெரிந்தது, கண்ணாடியை எடுத்துவிட்டேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வரியை ஊரிலேயே தயார் செய்துகொண்டு போகாதீர்கள். போனக்காட்டுக்கு அரசுப் பேருந்து உண்டு, ஆனால் குறைவு. நேரத்தையும் நுழைவு விதிகளையும் முந்தைய நாளே விசாரியுங்கள். நோயாளியோடு போனால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

தங்கராஜ் அண்ணனும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனார். மதியம் வரை நின்றும் மலை தெரியவில்லையாம். போனில் எடுத்த படத்தில் முழுக்க வெள்ளை. நடுவில் குடை பிடித்து இரண்டு பேர். அதையும் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், வரியையும் அவரே சொன்னார். இப்போது முதல் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது:

"மஞ்ஞு போகல்ல. சாயா குடிச்சாச்சு. – தங்கராஜ், களியக்காவிளை."