காரணம் எழுதாத சான்றிதழ்

நோய் அவசரமானது என்று மருத்துவர் சான்றளித்தால், விடுப்பு விண்ணப்பத்தின் மேல் ஏழு நாட்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். எங்கள் அலுவலக விதித் தொகுப்பில் அப்படி ஒரு விதி உண்டு. அடுத்த பக்கத்தில் இன்னொன்று: சான்றிதழில் நோயின் பெயரும் காரணமும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். விடுப்புப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். முதல் விதியை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இரண்டாவது விதி இருந்த பக்கம் என் விரல் பட்டுப் பட்டே அழுக்கேறியிருந்தது.

என் அண்ணன் நாற்பத்தாறு வயதில் படித்துறையில் விழுந்தார். நல்ல பருமன். காலையில் பின்மண்டை வலிக்கிறது என்று சுக்குப் பற்றுப் போடுவார். அதற்கு மேல் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்தவர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. அடுத்த வருஷம், ஐரோப்பாவில் யுத்தம் மூளுவதற்குச் சற்று முன்னால், எனக்குக் காலையில் பின்மண்டை வலிக்கத் தொடங்கியது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து. வயிறும் அவருடைய வயிறு போலவே இருந்தது. போதாததற்கு, கொல்லையில் நான் சிறுநீர் கழிக்கும் இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று மனைவி சொன்னாள்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

“இங்கன உக்காரும். கைய நீட்டும். பைய மூச்சு விடும் வே” என்றார். கையில் ஒரு ரப்பர் பையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. நிற்கும் என்று நான் நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு வந்தார். “கொஞ்சம் சர்க்கரை போகுது. ஆனா சிறுநீரகத்துல பழுது இருக்க மாதிரி தெரியல.”

“பின்ன எதுக்கு இப்படி ஏறுது?”

“அதான் தெரியல. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதோட சாற எடுத்து ஒரு மிருகத்துக்கு ஊசி போட்டா, இரத்தக் குழாயெல்லாம் இறுகி அழுத்தம் எகிறுது. உம்மைப் போல ஆளுகளுக்கு அது கூடுதலா ஊறுதோ என்னமோன்னு சிலர் சொல்லுதாவ. உடம்பு பெருத்தது, சர்க்கரை, உப்புன்னு சிலர் சொல்லுதாவ. வம்சத்துல வருதுங்காவ. ஒண்ணும் முடிவாத் தெரியல. மூணு மாசம் வேலைய விட்டுட்டுப் படும். சோத்தக் குறையும், உப்பக் குறையும்.” பிறகு, ஏதோ நல்ல செய்தி சொல்வது போல, “பயந்தாலும் அந்தச் சாறு ஊறுமாம். அதனால பயப்படாதயும்” என்றார்.

அன்று முதல் பயத்துக்கே பயந்தேன். மார்பு படபடத்தால் சாறு ஊறுகிறது என்று தோன்றும். தோன்றியதும் இன்னும் படபடக்கும்.

சான்றிதழில் நோயின் பெயர், ‘இரத்த அழுத்த மிகுதி’. அவசரமா? ‘ஆம்’. காரணம்? ‘தெரியவில்லை’.

“டாக்டர், சிறுநீரகக் கோளாறுன்னு எழுதிருங்க. இல்லன்னா திரும்பி வந்துரும்.”

“இல்லாத கோளாற எப்படி வே எழுதுவேன்? உம்ம ஆபீசுக்கு வேணும்னு உம்ம சிறுநீரகத்தக் கெடுக்கச் சொல்லுதீரா?”

விண்ணப்பம் மேலதிகாரியிடமிருந்து ஆறாம் நாள் திரும்பி வந்தது. ‘நோயின் காரணம் குறிப்பிடப்படாமையால் ஏற்பதற்கில்லை.’ அந்த வாக்கியம் நான் எழுதியது. சில வருஷங்களுக்கு முன் களக்காட்டிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை ஓயாத தலைவலி என்று விடுப்புக் கேட்டிருந்தார். அவருக்காக யோசித்து எழுதி, நன்றாக அமைந்துவிட்டதே என்று எல்லோருக்கும் அதையே வைத்துக்கொண்டேன். அவருக்கு இரண்டு முறை அனுப்பினேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் அப்போது விசாரிக்கவில்லை.

ஏழு நாள் விதியை மேற்கோள் காட்டி, டாக்டரின் விளக்கக் கடிதத்தையும் வைத்து, ஆகஸ்ட் மூன்றாம் தேதி மறுபடி அனுப்பினேன். உத்தரவில்லாமல் வீட்டில் படுத்தால் வேலை போய்விடும்; அந்த விதியும் எனக்குத் தெரியும். ஆகவே தினமும் போனேன். நாற்காலியிலிருந்து பையத்தான் எழுந்தேன். படித்துறைப் பக்கம் போவதை விட்டேன். மனைவி இலையில் உப்பு வைப்பதை நிறுத்திவிட்டு, நான் உண்டு முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோணுகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நானும் சவரக் கண்ணாடியில் அதையே பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் டாக்டரிடம் போனபோது பாதரசம் முன்னைவிட மேலே நின்றது. “இன்னுமா ஆபீசு போறீரு?” என்றார். விதிகளைச் சொன்னேன். அவர் ரப்பர் பையைச் சுருட்டி வைத்தார்.

ஒன்பதாவது வாரம், திங்கட்கிழமை முற்பகல். ஏரல் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் விண்ணப்பம் மேசையில் இருந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. ‘ஏற்கலாம்’ என்று எழுதத் தொடங்கினேன். மூன்றாவது எழுத்து கோடாக இழுபட்டுத் தாளைவிட்டு வெளியே போனது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, கோலம் போடுதீரா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய சிரிப்பு நின்றது. அப்படி நிற்பதை நான் படித்துறையில் மற்றவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் சாகவில்லை. பேச்சு இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. இன்றும் மருத்துவர்கள் இந்த நோய்க்கு நேரே, காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

நான் விழுந்து இரண்டு வாரம் கழித்து, உத்தரவை அலுவலகச் சேவகர் வீட்டுக்கே கொண்டுவந்தார். காரணம் தெரியாமையையே காரணமாக ஏற்று, மூன்று மாத விடுப்பு வழங்கப்பட்டிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேட்டார். மனைவி தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடது கையால் பெயரைக் கிறுக்கி, அதன் கீழே தேதி போட்டேன்: அக்டோபர் பதினான்கு.